இடுப்புத் துப்பாக்கி: ராமநாதபுரம் கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, கைத்துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்களும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். பாதிப்பேர் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே உள்ள துப்பாக்கி வேறு, சட்டம் வேறு, காற்றும் வேறு. அதனால் அங்கத்திய ஒப்பீட்டையும் இங்கத்திய நிலவரத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் உள்ளதுபோல மறைத்து எடுத்துச் செல்வதற்குத் தனி லைசென்ஸ் இங்கே உண்டா?

கிடையாது. தேவையும் இல்லை. அங்கே பல மாநிலங்களில் மறைத்து வைக்கத்தான் அனுமதி கேட்க வேண்டும். நம் நாட்டில் மறைக்காமல் வெளியே காட்டுவதுதான் விதிமீறல். 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உடலோடு மாட்டிய உறையிலோ, முதுகுப்பை போன்ற ஒன்றிலோதான் கொண்டுபோக வேண்டும். அது முழுக்க மூடப்பட்டு, கொண்டுபோகிறவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். எடுத்து ஆட்டிக் காட்டுவதற்குத் தடை.

ஆகவே கல்யாண வீட்டில் சட்டைக்கு மேலே தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டு நிற்பது கெத்து இல்லை, லைசென்ஸுக்கே உலை. மாப்பிள்ளை ஊர்வலத்தில் மேலே பார்த்துச் சுட்டால் இன்னும் மோசம்: 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

லைசென்ஸ் யார் கொடுப்பது? எளிதில் கிடைக்குமா?

மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற முறையில் கலெக்டர். 21 வயது முடிந்திருக்க வேண்டும், போலீஸ் அறிக்கை வர வேண்டும், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிக்குச் சான்று வேண்டும். ‘எனக்கு ஆபத்து இருக்கிறது’ என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். வெறுமனே இறால் பண்ணை இருக்கிறது, நகைக்கடை இருக்கிறது என்பது மட்டும் போதாது. முன்பு கொடுத்த புகார், எஃப்.ஐ.ஆர். நகல், பணம் கொண்டுபோகும் வழி என்று எழுத்தில் வையுங்கள். மறுத்தால் பொதுவாகக் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கலாம், மேல்முறையீடும் உண்டு. கிடைத்தால் 5 ஆண்டு செல்லும். ஒருவருக்கு 2 துப்பாக்கிக்கு மேல் கிடையாது.

அண்ணே, எனக்கு கிளாக் 19தான் வேணும். எங்கே கிடைக்கும்?

இதைக் கேட்காத ஆளே இல்லை. கிடைக்காது தம்பி. காரணம் இரண்டு. ஒன்று, அது 9 மி.மீ. தோட்டா சுடும் வெளிநாட்டு பிஸ்டல். 9 மி.மீ. நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட ரகம், அதற்கு கலெக்டர் லைசென்ஸ் தர முடியாது. இரண்டு, வெளிநாட்டுத் துப்பாக்கிகளை வணிகத்துக்காக இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே நின்றுபோயிற்று, போட்டிகளில் பேர்பெற்ற வீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

‘கடல் வழியா ஒண்ணு வரும்’ என்று யாராவது காதில் ஓதினால் அந்த இடத்தைவிட்டு நகருங்கள். தடைசெய்யப்பட்ட ரகத்தை வைத்திருந்தால் குறைந்தபட்சம் 7 ஆண்டு, 14 ஆண்டு வரை போகும். நாட்டுத் துப்பாக்கியும் லைசென்ஸ் இல்லாவிட்டால் குற்றம்தான். அதோடு அது சுடுகிறவன் கையிலேயே வெடிக்கும் சாமான்.

வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரும்போது பெட்டியில் கொண்டுவரலாமா?

சுற்றுலாவுக்கும் லீவுக்கும் வருகிறவர் கொண்டுவர முடியாது. நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்களுக்கு மட்டும் கடுமையான நிபந்தனைகளோடு சின்ன வாசல் ஒன்று உண்டு. அதற்கும் இந்திய லைசென்ஸ் வேண்டும், தடைசெய்யப்பட்ட ரகமாக இருக்கக் கூடாது. 9 மி.மீ. அந்த வாசலிலும் நுழையாது.

அப்படியானால் என்னதான் வாங்க முடியும்?

நடைமுறையில் .32, அதாவது அங்குலக் கணக்கில் தோட்டாவின் பருமனைச் சொல்லும் எண். இந்த ஒரே எண்ணில் இரண்டு வேறு தோட்டாக்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. பிஸ்டலுக்கானது 7.65 மி.மீ. என்றும் சொல்லப்படும் .32 ஏ.சி.பி., ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1899இல் வெளிவந்தது. ரிவால்வருக்கானது .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், 1896ஐச் சேர்ந்தது. ஒன்றுக்கு ஒன்று ஆகாது. டீலரிடம் ‘முப்பத்திரண்டு குடுங்க’ என்று மட்டும் சொல்லாமல், பிஸ்டலா ரிவால்வரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிஸ்டலில் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் ‘அஷானி’. ரிவால்வரில் கான்பூரில் தயாராகும் பழைய மாடல் .32, 2014இல் பெண்களைக் குறிவைத்து அறிமுகமான ‘நிர்பீக்’ (டைட்டானியம் கலந்த உலோகம், சுமார் 500 கிராம், 6 தோட்டா), 2023இல் வந்த ‘பிரபல்’. உத்தரப்பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் 2020 முதல் வெப்ளி அண்ட் ஸ்காட் பெயரிலும் .32 ரிவால்வர் தயாராகிறது. இறக்குமதி நிற்பதற்கு முன்பு வந்த வால்தர், பிரவுனிங் பிஸ்டல்கள் கைமாறிக் கைமாறி இன்னும் சுற்றுகின்றன. விலை கேட்டால் தலை சுற்றும். 60 வருடப் பழைய துப்பாக்கிக்குப் புதுசைவிடப் பல மடங்கு கொடுப்பது என் பார்வையில் ஆசைக்குக் கொடுப்பதுதான், பாதுகாப்புக்குக் கொடுப்பது இல்லை.

இதில் பிஸ்டலா, ரிவால்வரா? ஒன்றைச் சொல்லுங்கள்.

பிஸ்டல் தட்டையானது, இடுப்போடு ஒட்டிக் கிடக்கும். ரிவால்வரில் தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டர் உருண்டு புடைக்கும், மெல்லிய சட்டைக்குள் அந்த மேடு தெரியும். மறைப்பது ஒன்றே கணக்கு என்றால் பிஸ்டலுக்குத்தான் என் ஓட்டு.

ஆனால் மறைப்பது ஒன்றே கணக்கு இல்லை. பிஸ்டலில் முதல் தோட்டாவை ஏற்ற, மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை முழுசாகப் பின்னுக்கு இழுத்து விட வேண்டும். .32 பிஸ்டல்களில் பெரும்பாலானவை பின்னுதைப்பை ஸ்லைடின் எடையாலும் வில்லின் பலத்தாலும் மட்டும் தாங்குபவை, அதனால் வில் கடுமையாக இருக்கும். வயதானவர்கள், விரலில் வாதம் உள்ளவர்கள் பாதி இழுத்து விட்டால் தோட்டா குறுக்கே சிக்கும். .32 ஏ.சி.பி. தோட்டாவுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் அடிவிளிம்பு சற்றே வெளியே துருத்தி நிற்கும். தோட்டாக்களை அடுக்கும் மேகசினில் நிரப்பும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்தால் ஒன்றையொன்று கொக்கிபோட்டு மேலே ஏறாமல் நின்றுவிடும். ஒவ்வொரு தோட்டாவையும் நிரப்பும்போது கண்ணால் பார்த்து வையுங்கள்.

ரிவால்வரில் இந்தப் பஞ்சாயத்து எதுவும் இல்லை. ஒரு தோட்டா வெடிக்கவில்லையா, விசையை (டிரிகரை) மறுபடி இழுத்தால் அடுத்தது வரும். திறந்து பார்த்தால் நிரம்பியிருக்கிறதா காலியா என்பது ஒரே பார்வையில் தெரியும். வருஷத்தில் ஓரிரு முறை மட்டும் சுட்டுப் பழகுகிறவருக்கு, அதாவது நம் ஊரில் லைசென்ஸ் வைத்திருக்கும் முக்கால்வாசிப் பேருக்கு, நான் ரிவால்வரைத்தான் சொல்வேன். அதிலும் பழைய இந்திய மாடல்களும் நிர்பீக்கும் மேலே கொக்கியை விடுவித்து மடக்கித் திறப்பவை. கொக்கியும் கீலும் தேய்ந்தால் குழலில் ஆட்டம் வரும், பழசு வாங்குகிறவர் குழலைப் பிடித்து ஆட்டிப் பார்க்கவும். பிரபலில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும், உடம்பு மடங்காத ஒரே துண்டு. எனக்கு அதுதான் பிடிக்கிறது.

மச்சான் ஹூஸ்டனில் இருக்கிறார். சின்ன பிஸ்டல் வாங்க வேண்டுமாம். அங்கே எது நல்லது?

முதலில் மச்சானின் விசாவைக் கேளுங்கள். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. டெக்சாஸ் மாநிலம் 2021 செப்டம்பரிலிருந்து அனுமதிச்சீட்டு இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டுபோக விடுகிறது என்பதை மட்டும் கேட்டுவிட்டு இறங்கினால், பிறகு கிரீன் கார்டுக்கே ஆபத்து. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். 1988இல் வந்த கிளாக் 19தான் அங்கே எல்லோரும் வைத்துப் பார்க்கும் அளவுகோல்: 9 மி.மீ., மேகசினில் 15, சுமார் 19 செ.மீ. நீளம். சுடுவதற்கு அருமையானது, கோடைச் சட்டைக்குள் மறைப்பதற்குக் கொஞ்சம் பெரியது. 2015இல் வந்த கிளாக் 43 நன்றாக ஒளிந்தது, ஆனால் 6 தோட்டாதான். 2018இல் ஸிக் ஸாவர் பி365 வந்து இந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. ஏறக்குறைய அதே சின்ன உடம்பில் 10 தோட்டாவை அடுக்கினார்கள், ஒன்றரை வரிசையாக. மற்றவர்கள் பின்னால் ஓடிவந்தார்கள். 2019இல் ஸ்ப்ரிங்ஃபீல்டின் ஹெல்கேட் 11, அதே ஆண்டு கிளாக் 43 எக்ஸ் 10, 2021இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு பிளஸ் 10 அல்லது 13. காலியாக எடைபோட்டால் எல்லாமே அரைக் கிலோவைச் சுற்றித்தான்.

மறைப்பு விஷயத்தில் பலர் குழல் நீளத்தைப் பார்க்கிறார்கள். குழல் பேன்ட்டுக்குள் போய்விடும். குனியும்போது சட்டையைக் குத்திக்கொண்டு நிற்பது கைப்பிடியின் அடிப்பாகம். பி365இன் கைப்பிடி குட்டை, அதனால் நன்றாக ஒளியும், பெரிய கைக்காரருக்குச் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். 43 எக்ஸ் கைப்பிடி முழு நீளம், பிடிக்க வாகு, ஆனால் எட்டிப் பார்க்கும். ஷீல்டு பிளஸ் விசை இழுப்பதற்கு இதமானது என்று பேர் வாங்கியது. கை அளவு தெரியாமல் இதில் ஒன்றைச் சொல்வது சரியில்லை. அங்கே வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளங்கள் ஏராளம், நாலையும் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் சின்னது வேண்டும் என்று ரூகர் எல்.சி.பி. பக்கம் போனால், .380 தோட்டா, பேன்ட் பைக்குள் போய்விடும், 300 கிராம்கூட இல்லை. எடை குறையக் குறைய உதை கூடும். தினமும் கொண்டுபோக அது சுகம், சுட்டுப் பழக அது தண்டனை. பழகாத துப்பாக்கி இடுப்பில் இருந்து என்ன பயன்?

.32 போதுமா? சுட்டால் நிற்பானா?

.32இன் ஆற்றல் 9 மி.மீ. தோட்டாவின் பாதிகூட வராது. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் உதையும் குறைவு, அதனால் குறி தப்பாமல் பழகுவது எளிது. கிடைப்பது இதுதான் என்னும்போது குறியைத் தேற்றுவதுதான் வழி. தோட்டா எண்ணிக்கைக்கு லைசென்ஸிலேயே வரம்பு உண்டு, விலையும் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆகவே காலித் துப்பாக்கியில் விசைப் பயிற்சி செய்யுங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, இரண்டு முறை திறந்து பார்த்து, கான்கிரீட் அல்லது செங்கல் சுவரைப் பார்த்து. கதவையோ பக்கத்து வீட்டையோ பார்த்து அல்ல.

நான் வேட்டி, கைலி கட்டுகிறவன். உறையை எங்கே மாட்டுவது?

நம் பக்கத்துக்கு மட்டுமே உரிய கேள்வி. எந்த அமெரிக்க வீடியோவிலும் பதில் கிடைக்காது.

அகலப் பச்சை பெல்ட் இருக்கிறதே, பர்ஸ் வைக்கப் பையோடு, பலர் அதில்தான் சொருகப் பார்க்கிறார்கள். வேண்டாம். அது துணிப் பட்டை, எடையைத் தாங்கி விறைப்பாக நிற்காது. உட்கார்ந்து எழுந்தால் துப்பாக்கி சாயும், குனிந்தால் பை வாய் திறக்கும். முக்கியமாக, அந்தப் பை விசையை மூடிக் காக்காது. சாவிக்கொத்தோ சில்லறையோ விசைக்குள் நுழைந்தால் போதும், தொடையோடு போய்விடும். மடியில் சொருகுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

உறை என்றால் மூன்று விஷயம் பாருங்கள். விசைப்பகுதியை முழுக்க மூட வேண்டும், தலைகீழாகப் பிடித்தாலும் துப்பாக்கி விழக் கூடாது, இடுப்பில் ஆடாமல் நிற்க வேண்டும். வேட்டிக்குள் மெல்லிய அரைக்கால் சட்டை போட்டு, அதன்மேல் விறைப்பான தோல் பெல்ட் கட்டி, அதில் உறையை மாட்டி, மேலே வேட்டி, அதன்மேல் தொளதொளவென்று அரைக்கைச் சட்டை. பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பளபளக்கும் வெள்ளை டெரிகாட்டன் சட்டை போடாதீர்கள், வெயிலில் நின்றால் உறையின் கறுப்பு அப்படியே தெரியும். சித்திரை வெயிலில் இதெல்லாம் புழுக்கம்தான். அது பிடிக்காதவர் சின்னத் தோள்பை மாட்டலாம், விதியும் இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தப் பையை டீக்கடை பெஞ்சில் கழற்றி வைக்கிற பழக்கம் உள்ளவருக்கு அது ஆகாது.

துரு பிடிக்கிறதே, என்ன செய்வது?

இங்கே துப்பாக்கிக்கு முதல் எதிரி உப்பு. 1914இல் கட்டிய பழைய பாம்பன் பாலத்தை அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்த அதே காற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் கேட்டது இந்தக் கடல். நம் துப்பாக்கிக்கு மேலே இருப்பதோ மெல்லிய நீலக் கறுப்புப் பூச்சு.

வெளிநாட்டு ஒப்பீடுகளில் பாலிமர் உடம்பு, நைட்ரைடு பூச்சு, ஸ்டெயின்லெஸ் ஸ்லைடு என்று படிப்பதெல்லாம் அங்கே வசதி, இங்கே தேவை. ஆனால் நமக்குக் கிடைக்கும் .32களில் பெரும்பாலானவை சாதாரண எஃகு. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மண்டபத்திலோ தேவிபட்டினத்திலோ ஒருநாள் இடுப்பில் வைத்துவிட்டு அப்படியே பீரோவில் வைத்தால், சில நாளிலேயே விரல் பட்ட இடத்தில் செம்மண் நிறத்தில் ரேகை விழும். அது கண்ணுக்குத் தெரிவது. தெரியாத இடங்கள்தான் கவலை: கைப்பிடித் தகட்டுக்கு அடியில், திருகு தலைகளில், மேகசின் வில்லில், தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் அடிமுள் வரும் ஓட்டையில், சிலிண்டர் அச்சில். அடிமுள்ளில் துரு ஏறினால் விசை இழுத்தும் வெடிக்காது.

வீடு வந்ததும் தோட்டாவை இறக்கி, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகி உள்ளே எல்லாவற்றையும் ஒட்டும். தோட்டாவுக்கு எண்ணெய் பூசாதீர்கள், தோட்டாவின் பின்புறம் அடிமுள் அடிக்கும் சின்னக் குப்பிக்குள் கசிந்தால் மருந்து செத்துப்போகும். இடுப்பில் நாள்தோறும் வேர்வை குடித்த தோட்டாக்களைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதுசைப் போடுங்கள். பித்தளையில் பச்சை பூத்திருந்தால் அதைச் சுடாமல் டீலரிடம் காட்டுங்கள்.

முக்கியமானது: தோல் உறைக்குள் வைத்தபடியே பீரோவில் பூட்டாதீர்கள். தோல் வேர்வையையும் உப்பையும் குடித்து வைத்திருக்கும், இரவு முழுக்க அதைத் துப்பாக்கிக்கு ஊட்டும். கடலோரத்துக்கு நான் தோலைவிடக் கைடெக்ஸ் என்ற கடினப் பிளாஸ்டிக் உறையைத்தான் சொல்வேன். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் தீர்ந்தது. பூட்டும் இரும்புப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவ்வப்போது வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.

படகில் கொண்டுபோகலாமா? கடலில்தானே எங்களுக்கு அடி விழுகிறது?

கோபம் புரிகிறது. ஆனாலும் கூடாது. எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் படகு பிடிபட்டால், இப்போது அது மீன்பிடி வழக்கு. படகில் துப்பாக்கி இருந்தால் அது ஆயுத வழக்கு, உங்களோடு போன அத்தனை பேருக்கும். எதிரே வருகிறவர்கள் தானியங்கித் துப்பாக்கியோடு வரும் இலங்கைக் கடற்படை, .32ஐக் காட்டினால் திருப்பிச் சுடுவார்கள். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகும் படகுக்கும் இதே பதில்.

தீவுகளுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனவிலங்குச் சட்டப்படி எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு அங்கே நுழைவதே குற்றம், லைசென்ஸ் கையில் இருந்தாலும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை பறவைகள் சரணாலயங்களுக்கும் அதே சட்டம். கண்மாய்க் கரை வழியாகக் குறுக்கே போகிறவர்கள் கவனிக்கவும்.

ராமேஸ்வரம் கோயிலுக்குப் போகும்போது?

வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள். செல்போனையே உள்ளே விடாத இடம். காரில் விட்டுப்போவது, லாட்ஜ் அறையில் தலையணைக்கு அடியில் வைப்பது இரண்டும் ‘கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்’ என்ற விதிக்கு எதிரானவை. மதுரையிலிருந்து விமானம் ஏறுகிறவர்கள் காலித் துப்பாக்கியாக, முன்கூட்டியே அறிவித்து, செக்-இன் பெட்டியில் மட்டுமே அனுப்ப முடியும். வெளி மாவட்டம், வெளி மாநிலம் போகுமுன் லைசென்ஸில் எந்த எல்லை வரை செல்லும் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்களே?

ஆமாம், உத்தரவு வந்தால் ஒப்படைக்க வேண்டும். வங்கிக் காவலர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. மாடல், வரிசை எண், தோட்டா எண்ணிக்கை எல்லாம் எழுதி ரசீது வாங்குங்கள். கொடுக்கும் முன் வழக்கத்தைவிடக் கூடுதலாக எண்ணெய் தடவிக் கொடுங்கள், திரும்பி வரும்வரை அதைத் துடைக்க ஆள் இருக்காது. நம் மாவட்டத்தில் செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் கடைசியில் பசும்பொன் குருபூஜை சமயங்களில் தடையுத்தரவு வருவது வழக்கம். முன்பு 144ஆவது பிரிவு, இப்போது புதுச் சட்டத்தில் 163ஆவது பிரிவு. அந்த நாட்களில் இடுப்பில் எதுவும் வேண்டாம்.

எப்போது சுடலாம்?

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ, பாலியல் வன்முறைக்கோ, கடத்தலுக்கோ நியாயமான அச்சம் இருக்க வேண்டும். போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தால் உரிமை இல்லை. தேவைக்கு மேல் அடித்தாலும் இல்லை. பையைப் பறித்துக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுகிறவனைச் சுட்டால், கோர்ட்டில் நிற்கப்போவது நீங்கள்தான்.

வாப்பா மௌத்தாகிவிட்டார்கள். பீரோவில் அவர்களுடைய பழைய வால்தர் இருக்கிறது. என்ன செய்ய, காக்கா?

கீழக்கரையிலிருந்து அடிக்கடி வரும் கேள்வி. லைசென்ஸ் அவர் பேரில் இருந்தது, அவரோடு முடிந்தது. இப்போது வீட்டில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. தாமதிக்காமல், துப்பாக்கியையும் தோட்டாவையும் லைசென்ஸ் புத்தகத்தையும் பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். நாற்பது முடியட்டும், ஐந்தாறு மாதம் போகட்டும் என்று வைத்திருக்க வேண்டாம். எடுத்துப் போகும்முன் விவரம் தெரிந்த ஒருவரைக்கொண்டு மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, குழலுக்குள் தோட்டா இல்லை என்று பார்த்துவிடுங்கள். மேகசினைக் கழற்றியதும் காலியாகிவிட்டது என்று நினைப்பதில்தான் வீடுகளில் விபத்து நடக்கிறது.

ஒப்படைத்தபிறகு வாரிசுகளில் ஒருவர் அதே துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டு கலெக்டரிடம் விண்ணப்பிக்கலாம், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தோடு. யாருக்கும் வேண்டாம் என்றால் டீலர் வழியாக லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு விற்கலாம், பழைய வால்தருக்கு ஆள் வருவார்கள். வாப்பா இருக்கும்போதே, 70 வயது ஆனதும் பிள்ளை பேருக்கு மாற்றிக் கேட்க விதியில் வழி இருக்கிறது. பெரியவர்கள் இருக்கிற வீடுகளில் அதை இப்போதே பார்த்து வையுங்கள்.